அரிவாளைக் கொடுத்தவன் எங்கே?

‘17 வயதுச் சிறுவன் உள்பட நான்கு பேர் கைது’ என்ற வரி இல்லாமல் சென்னையின் குற்றச் செய்திப் பக்கம் வெளிவருவதே அரிதாகிவிட்டது. கொலை, கொலை முயற்சி, கத்தியைக் காட்டிக் கைப்பேசி பறிப்பு, கஞ்சா, போதை மாத்திரை என்று குற்றம் நாளுக்கு நாள் மாறுகிறது. அந்தச் சிறுவன் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறான். சில நாள் அவனுக்கு வயது 16, சில நாள் 15. கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்தார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அவன் கையில் அரிவாளைக் கொடுத்தது யார், ஓட்டிவந்த பைக் யாருடையது, யாரை வெட்ட வேண்டும் என்று ஆள் காட்டியது யார், ‘உனக்கு வயசு கம்மி, சீக்கிரமே வெளிய எடுத்துடறேன்’ என்று தைரியம் சொன்னது யார்? இந்தக் கேள்விகள் எதற்கும் அந்தச் செய்தியில் பதில் கிடைப்பதில்லை.

பதில் சொல்ல வேண்டியவர்களைக் கண்டிக்கவே இதை எழுதுகிறோம். காவல் துறை, சமூகப் பாதுகாப்புத் துறை, பள்ளிக் கல்வித் துறை, மாநகராட்சி, அரசியல் கட்சிகள், ஊடகங்கள் என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எல்லோருக்கும் பங்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் யாரும் தலைகுனிய மாட்டார்கள். எனவே ஒவ்வொரு வாசலாகச் சென்று கேட்போம். முதலில் காவல் நிலையத்தின் வாசல்.

சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்துவோரைத் தண்டிக்க நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 83ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவில், சிறாரைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கோ கும்பலுக்கோ ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கச் சொல்கிறது. மதுவையும் போதைப் பொருளையும் சிறுவர் கையில் கொடுத்துக் கடத்தினாலோ விற்றாலோ 78ஆவது பிரிவில் ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 95ஆவது பிரிவின்படி, குற்றம் செய்யச் சிறாரை அமர்த்துபவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு சிறை. அமர்த்திய குற்றம் நடந்துவிட்டால், அதை அவரே செய்ததாகக் கொண்டு அக்குற்றத்துக்குரிய தண்டனையும் சேரும். அதாவது, சிறுவனை ஏவிக் கொலை செய்தவர் கொலைகாரராகவே கூண்டில் நிற்க வேண்டும்.

இத்தனை கூர்மையான பிரிவுகள் கையில் இருந்தும், சிறுவர்கள் கைதான செய்திகளில் ‘அவர்களை ஏவியவர்மீது இந்தப் பிரிவில் வழக்கு’ என்ற வரியை வாசகர் எத்தனை முறை பார்த்திருக்கிறார்? குற்றப் பக்கத்தை நாள் தவறாமல் படிப்பவருக்கே அது அபூர்வம். இதைக் கவனக்குறைவு என்று நாம் ஏற்க முடியாது. சிறுவனைப் பிடிப்பது எளிது. அவன் ஓடி ஒளிய ஊர் இல்லை, பேச வக்கீல் இல்லை, தட்டிக் கேட்க ஆள் இல்லை. அவனுக்குப் பின்னால் நிற்பவருக்கு இவை எல்லாம் இருக்கின்றன. எளிதானதைச் செய்துவிட்டு வழக்கு துப்புத் துலங்கியதாகக் கணக்கு எழுதும் பழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

‘பையன் வாயைத் திறக்க மாட்டான், சாட்சி கிடைக்காது’ என்று காவல் துறை சொல்லக்கூடும். பையன் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. பைக்கின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சம்பவத்துக்கு முந்தைய நாள் அவன் கைப்பேசிக்கு வந்த ஜிபே பணம் யார் அனுப்பியது? பத்தாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிக்காத குடும்பத்தின் பையனுக்காக மறுநாள் காலையில் வக்கீல் வந்து நின்றால், அவருக்கு யார் ஃபீஸ் கொடுத்தார்கள்? அரிவாள் அடிக்கும் பட்டறைகளில் வாங்குவோரின் பெயரை எழுதி வைக்கவும் கேமரா பொருத்தவும் 2021இல் இதே காவல் துறைதான் உத்தரவிட்டது. அந்த நோட்டை இன்று யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? கொள்ளை வழக்கில் ஒரு செயின் எந்த அடகுக் கடைக்குப் போனது என்று மாநிலம் விட்டு மாநிலம் சென்று கண்டுபிடிக்கத் தெரிந்த துறைக்கு இது முடியாத வேலையல்ல.

ஒரு பையன் எப்படி உள்ளே போகிறான் என்பதை வடசென்னையிலும், தென்சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் வாழும் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வார். எடுத்த எடுப்பில் யாரும் அரிவாளை நீட்டுவதில்லை. பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பையனிடம், ‘தம்பி, இந்த வண்டியக் கொண்டுபோய் அந்த முட்டுச்சந்துல நிறுத்திட்டு வா’ என்று ஒரு ‘அண்ணன்’ சாவியைத் தருவார். திரும்பி வந்தால் ஒரு பிரியாணிப் பொட்டலம், கையில் இருநூறு ரூபாய். அடுத்த வாரம், ஏரியாவுக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய கைப்பேசி கிடைக்கும். பிறகு ஒரு பையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிரித்துப் பார்க்காதே என்பார்கள். அவன் பிரித்துப் பார்ப்பான். பார்த்ததை அம்மாவிடம் சொல்ல மாட்டான். இதற்குள் வலி நிவாரணி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கூட்டத்தோடு பழக்கம் வந்திருக்கும். அந்தப் பழக்கத்துக்குக் காசு வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான நாள் ஒன்று உண்டு. சந்தேக கேஸில் போலீஸ் அவனை முதன்முறையாகத் தூக்கிச் செல்லும் நாள். அன்று இரவு ஸ்டேஷன் வாசலில் அவனுக்காக வந்து நிற்பது யார்? அம்மா வருவார், அழுவார், அதட்டி அனுப்பப்படுவார். அப்பா பெரும்பாலும் வருவதில்லை. ‘அண்ணன்’ வருவார், அல்லது வக்கீலை அனுப்புவார். நள்ளிரவில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டு வெளியே அழைத்துவருவார். அந்த இரவிலிருந்து பையன் அவருடைய ஆள். பிறகு அவர் எதைச் சொன்னாலும் செய்வான். காசுக்காகச் செய்கிறான் என்று நினைப்பவர்களுக்கு அந்த வயது தெரியவில்லை. தன்னைத் தேடி ஒருவர் வந்தாரே என்ற நன்றிக்காகவே அவன் செய்கிறான்.

அந்த இரவில் வந்து நிற்க வேண்டியது அரசு. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், பிடிபட்ட சிறுவனை அவர் பொறுப்பில் உடனே ஒப்படைக்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் தர வேண்டும், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அவனது குடும்பத்தையும் சூழலையும் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நடைமுறையில், குழந்தை நலக் காவல் அலுவலர் என்பது பந்தோபஸ்துக்கும் ரோந்துக்கும் அலையும் ஓர் உதவி ஆய்வாளருக்குக் கொடுக்கப்பட்ட கூடுதல் பெயராக இருக்கிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை பல நேரங்களில் ‘ஏழ்மை, கூடா நட்பு’ என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது. புரசைவாக்கம் கெல்லீஸில் குழுமத்தின் முன் காலையிலிருந்து காத்திருக்கும் தாய்மார்களிடம், உங்கள் மகன் எப்போது பள்ளிக்குப் போவதை நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்று உட்காரவைத்துக் கேட்க ஆளில்லை. இந்த இடத்தில் அரசு தோற்கிறது. வேறு எங்கே ஜெயித்தாலும் அதனால் பயனில்லை.

அந்தப் பையனைக் காவல் துறை எப்படி நடத்துகிறது என்பதையும் பேசியாக வேண்டும். கைதானவர் கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் படம் தமிழ்நாட்டில் வழக்கமான காட்சியாகிவிட்டது. ‘தப்பி ஓடும்போது விழுந்தார்’, ‘கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்’ என்று விளக்கம் வருகிறது. காவல் நிலையக் கழிப்பறைகளில் கைதிகள் மட்டும் வழுக்கி விழுவது எப்படி என்று உயர் நீதிமன்றமே கேட்ட பிறகும் இது நிற்கவில்லை. மக்களில் ஒரு பகுதியினர் கைதட்டுகிறார்கள் என்பது நியாயம் ஆகாது. பத்தொன்பது வயதுக்காரனின் கையை உடைத்தவர்கள், அவன் இனி மெக்கானிக் வேலைக்கோ பெயின்டிங் வேலைக்கோ போக முடியாதபடி செய்துவிட்டார்கள். ஏரியாவில் அவனுக்கு ஒரு பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ‘மாவுக்கட்டு வாங்கினவன்’ என்பது அங்கே அவமானம் இல்லை, கெத்து. எந்தக் கும்பலும் தரமுடியாத மரியாதையைக் காவல் துறை தன் கையால் தருகிறது.

குண்டர் சட்டமும் இப்படித்தான். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். நடைமுறைக் குறைகளால் பல உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது. அதற்குள் சில மாதம் புழல் சிறையில் கழிந்திருக்கும். தெருவில் பொட்டலம் விற்றவன் உள்ளே போய் ஆந்திராவிலிருந்து மொத்தமாகச் சரக்கு எடுப்பவனோடு பழகுகிறான். வெளியே வரும்போது அவனிடம் வேலை தரும் ஒருவருடைய எண்ணும் இல்லை, சம்பவத்துக்கு ஆள் கேட்கும் பத்துப் பேருடைய எண் இருக்கிறது.

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது மாநிலமே அதிர்ந்தது. கைதானவர்களில் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், கட்சிகளில் பொறுப்பு வகித்தவர்கள் இருந்தார்கள். கட்சிகள் அவசர அவசரமாக நீக்க அறிவிப்பு வெளியிட்டன. மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். செப்டம்பர் முடிவதற்குள் சென்னையில் மூன்று பேர் என்கவுன்டரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தனைக்குப் பிறகும், அடுத்த தலைமுறைப் பையன்களைக் கும்பல்களிடமிருந்து பிரித்தெடுக்க என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அரசிடமிருந்து ஒரு வெள்ளை அறிக்கை வரவில்லை. சுட்டுக் கொல்லப்பட்டவரின் இடம் ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். நிரப்பப் போகிறவன் இன்று எட்டாம் வகுப்பில் படிக்கிறான்.

கட்சிகளின் வாசலுக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாளுக்குத் திரண்டவர்களைப் போலீஸ் சுற்றிவளைத்து, 70க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அரிவாளால் கேக் வெட்டிய அந்தப் படம் தமிழகமெங்கும் பரவி, இன்றுவரை பள்ளிப் பையன்களின் ரீல்ஸில் அதே காட்சி நடிக்கப்படுகிறது. 2020 ஆகஸ்டில் வண்டலூரில், தேசியக் கட்சி ஒன்றின் மாநிலத் தலைவர் கலந்துகொண்ட விழாவுக்குக் கட்சியில் சேர வந்த தேடப்படும் ரவுடி, போலீஸைக் கண்டு தப்பி ஓடிய கூத்தும் நடந்தது. அந்தக் கட்சி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பூத் வேலைக்கும் கூட்டம் சேர்க்கவும் இடத்தைக் காலி செய்விக்கவும் ‘பசங்களை’ வைத்துக்கொள்ளாத கட்சி ஒன்றை வடசென்னைவாசிகளால் சுட்டிக்காட்ட முடியுமா? பழைய மகாபலிபுரம் சாலையில் நிலத்தின் விலை ஏற ஏறக் கட்டப்பஞ்சாயத்தின் கூலியும் ஏறியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் வந்ததும் ஸ்கிராப் எடுக்கும் ஒப்பந்தத்துக்காகக் கொலை விழுந்தது. இந்தப் பணமெல்லாம் பெரியவர்களுடையது. சட்டை கசங்காமல் அவர்கள் மேடையில் இருக்கிறார்கள். வெட்டுவதற்கு மட்டும் 17 வயதுக்காரன் போகிறான்.

ஒரு ரவுடி கொல்லப்பட்டால் தெருவில் வைக்கப்படும் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸை ஒருமுறை அருகில் சென்று பாருங்கள். நடுவில் ஆளுயரத்துக்கு இறந்தவர், பின்னணியில் சிங்கமோ புலியோ. மேலே கட்சித் தலைவர்களின் படங்களும் இருக்கலாம். அடியில் வரிசை வரிசையாகத் தபால்தலை அளவில் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பட்டப்பெயர். அவற்றில் பல மீசை அரும்பாத முகங்கள். அந்த வரிசையில் தன் படம் வர வேண்டும் என்று ஒரு பையன் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருப்பான். எதிர்க் கும்பலுக்கும் போலீஸுக்கும் அவன் முதன்முறையாக அடையாளமாவது அந்த ஃபிளெக்ஸில்தான். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாத பேனர்கள் இனி இல்லை என்று எத்தனை உறுதிமொழிகள்! இந்த அஞ்சலி ஃபிளெக்ஸ்களைக் கிழித்தெறிய மாநகராட்சி ஊழியருக்குப் பயம் என்றால், போலீஸ் துணையோடு போகட்டும். பதினெட்டு வயதாகாதவர் படத்தை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தின்மீதும் நடவடிக்கை வேண்டும்.

இனி சொல்லப்போவது நெஞ்சை அறுக்கும் விஷயம். பிடிபட்ட பையனைத் திருத்தி அனுப்ப அரசு வைத்திருக்கும் இடத்தில் என்ன நடந்தது? 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ரயில்வேயின் பேட்டரியைத் திருடியதாகப் பிடிக்கப்பட்டவன். அடித்துக் கொன்றவர்கள் எதிர்க் கும்பல் அல்ல, அரசுச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் என்று புகார் எழுந்து, கண்காணிப்பாளர் உள்பட ஆறு பேர் கைதானார்கள். ஒரு பேட்டரிக்காக ஓர் உயிர். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. இல்லங்களை ஆராய்ந்து அவர் 2023இலேயே அறிக்கையைக் கொடுத்துவிட்டார். இந்த இல்லங்களைக் கவனிக்கத் தனித் துறையே வேண்டும் என்கிற அளவுக்கு அவர் சொன்னார்.

அதற்கிடையில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் தங்களோடு படித்த பட்டியலின மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். தென் மாவட்டங்களில் கும்பல் தன் ஆட்களைச் சாதிக் கயிற்றால் சேர்க்கிறது என்பதைத் தவிர இதற்கும் சென்னைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதை ஆராயவும் அதே சந்துருதான். 2024 ஜூனில் இரண்டாவது அறிக்கையும் வந்தது. ஒரே நீதிபதியிடமிருந்து இரண்டு அறிக்கைகளைப் பெற்ற அரசு நிர்வாகம், இவற்றில் எந்தப் பரிந்துரை எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது என்று மக்களிடம் பட்டியல் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அறிக்கை வாங்குவதையே நடவடிக்கையாகக் காட்டி நாள் கடத்துவதைக் கண்டிக்கிறோம்.

கும்பலுக்கு ஆள் விளையும் நிலத்தை உருவாக்கியதும் அரசுதான். 2000ஆம் ஆண்டு முதல் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குவிக்கப்பட்டார்கள். கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். அம்மா வீட்டு வேலை செய்த தெரு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குப் போய்விட்டது. அவர் விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறார். கல்வியாண்டின் நடுவில் வீட்டை இடித்து லாரியில் ஏற்றிய பிறகு பையன் எந்தப் பள்ளிக்குப் போவான்? குடிசை மாற்று வாரியம் என்ற பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அங்கிருந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரின் முகவரியைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் நிறுவனங்கள் மாறவில்லை. அந்த முகவரியைக் கேவலமாக நினைக்காத ஒரே முதலாளி கும்பல் தலைவன்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையனுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் 2024 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும் பையனை அது எட்டவே எட்டாது. ஒவ்வொரு மாணவனுக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் ஓர் எண் இருக்கிறது. அவன் தொடர்ந்து வராவிட்டால் கணினிக்கு அன்றே தெரியும். தெரிந்து என்ன பயன்? டி.சி. வாங்கிக்கொண்டு போ என்று தலைமையாசிரியரே சொல்லி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற ஒரு பையனை வெளியே தள்ளுவதும், கும்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் விளைவில் ஒன்றுதான். பெற்றோரை இழந்த, அல்லது கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தர மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் வழி இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்க அந்தப் பையனின் வீட்டுக்கு யார் போகிறார்கள்?

செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. வியாசர்பாடி முல்லை நகரில் ஒரு மைதானமும் பந்தும் பயிற்சியாளரும் இருந்ததால், அந்தப் பேட்டைக்குக் ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் வந்தது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் கேரம் பலகை முன் உட்கார்ந்த காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். வென்ற பிறகு அரசு கொடுத்த லட்சங்களைப் பாராட்டுகிறோம். வெல்லும் முன் அவரைப் போன்றவர்கள் எந்தத் தரையில் ஆடினார்கள் என்பதைக் கேட்கிறோம். காவல் துறையிடமே காவல் சிறார் மன்றங்கள் இருக்கின்றன. 2022இல் நூறு பள்ளிகளில் மாணவர்களை நல்வழிப்படுத்தும் ‘சிற்பி’ திட்டம் தொடங்கப்பட்டது. முதன்முறை சிறைக்கு வரும் இளைஞர்களுக்காகப் ‘பறவை’ திட்டம் தொடங்கப்பட்டது. ஓர் ஆணையரின் ஆர்வத்தில் பிறந்து அவர் மாறியதும் படுத்துவிடும் நிலை இவற்றுக்கு வரக் கூடாது. நிரந்தரப் பணியிடமும் நிதி ஒதுக்கீடும் உள்ள திட்டங்களாக அரசாணையில் ஏற வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் கத்திக்குத்துக்குப் பேர் போனது. 2005இல் அங்கே காவல் துறையே வன்முறைத் தணிப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. வன்முறையை நோய்போல் பார்த்து, மருத்துவர், ஆசிரியர், கும்பலை விட்டு வந்தவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் வெட்டுக்காயத்தோடு வருபவரிடம் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே உட்கார்ந்து பேச ஆள் வைத்தார்கள். நம் ஸ்டான்லி மருத்துவமனையிலும் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் அதே காயத்தோடு பையன்கள் வருகிறார்கள். தையல் போடுகிறோம், போலீஸுக்குத் தகவல் தருகிறோம். கட்டிலைச் சுற்றி நண்பர்கள் நின்று பழிவாங்கும் நாளைக் குறிக்கிறார்கள். அந்தக் கட்டிலருகே ஒரு நாற்காலியும் அதில் உட்காரப் பயிற்சி பெற்ற ஒருவரும் வைக்க அரசுக்கு எத்தனை கோடி ஆகிவிடும்?

சிறார் வயது வரம்பையே குறைத்துவிடலாம் என்று சிலர் குரல் எழுப்புகிறார்கள். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கொடுங்குற்றம் செய்த 16 வயது நிரம்பியவரைக் குழுமம் முதலில் மதிப்பீடு செய்து, பெரியவர்போல் விசாரிக்க வழி இருக்கிறது. வரம்பை 16 ஆக்கினால் கும்பல் 14 வயதுக்காரனைத் தேடும். அவ்வளவே நடக்கும்.

ஊடகங்களும் இந்தக் கண்டனத்திலிருந்து தப்ப முடியாது. சிறாரின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். யூடியூப் சேனல்கள் முகத்தில் அரைகுறையாக ஒரு பட்டையை ஒட்டிவிட்டுத் தெருப் பெயரையும் அம்மாவின் பேட்டியையும் போடுகின்றன. ரவுடிகளின் ‘வாழ்க்கை வரலாறு’ பின்னணி இசையோடு தொடர் தொடராக வருகிறது. பார்வை எண்ணிக்கைக்காக எடுக்கப்படும் ஒவ்வொரு காணொளியும் ஒரு பையனின் மனத்தில் இடம் பிடிக்கிறது. சினிமாவை மட்டும் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது.

நாம் கோருவது இது. சிறுவர் ஒருவர் கைதாகும் ஒவ்வொரு கும்பல் வழக்கிலும், அவரை ஏவியவர் யார் என்ற விசாரணை தனியாக நடக்க வேண்டும். நியாய சன்ஹிதாவின் 95ஆவது பிரிவையோ இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆவது பிரிவையோ சேர்க்காத விசாரணை அதிகாரி, ஏன் சேர்க்கவில்லை என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். குழந்தை நலக் காவல் அலுவலருக்கு வேறு பணி தரக் கூடாது. முதல்முறை பிடிபடும் பையனின் வீட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் நன்னடத்தை அலுவலரும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரும் நேரில் போக வேண்டும். மாவுக்கட்டோடு சிறாரோ இளைஞரோ குழுமத்தின் முன்போ நீதித்துறை நடுவர் முன்போ நிறுத்தப்பட்டால், அந்தக் காயத்துக்கு அன்றே மருத்துவ விசாரணை நடக்க வேண்டும். ரவுடிப் பட்டியலில் உள்ளவரைச் சேர்க்கும் கட்சி, தேர்தலுக்கு முன்பே அதற்கு மக்களிடம் பதில் சொல்ல வேண்டும்.

வரும் சட்டமன்றக் கூட்டத் தொடரிலேயே முதலமைச்சர் ஒரு கணக்கை அவையில் வைக்கட்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கும்பல் குற்றங்களில் பிடிபட்ட சிறார் எத்தனை பேர், அவர்களை ஏவியதாக வழக்குப் பதிவான பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களில் தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர், சந்துரு அறிக்கைகளின் எந்தெந்தப் பரிந்துரைகள் நிறைவேறின, இல்லங்களிலிருந்து 18 வயதில் வெளியே போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு. மாவட்ட வாரியாக, காவல் நிலைய வாரியாக.